கிட்டார் பிடித்தவர் நாட்டார் பாடகரா?

அம்பாக்காரன்:
நேற்று ஒருவர் நித்தி கனகரத்தினத்தை 'யாழ்ப்பாணத்து நாட்டார் பாடகர்' என்று எழுதியிருந்தார். வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. யாழ்ப்பாணத்து உரும்பிராய் ஊரவர், தமிழ்ப் பொப் இசையின் முன்னோடி, எல்லாம் சரி. ஆனால் கையில் கிட்டார்! எங்கள் அப்பு கடற்கரையில் நின்று கரைவலை இழுத்து, இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுப் பாடியவர். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் 'ஏலேலோ' என்று ஒரே மூச்சில் கயிற்றை இழுப்பார்கள். பாட்டு தளர்ந்தால் வலையும் தளரும். அப்புவின் உள்ளங்கை காய்த்துத் தோல் உரிந்திருக்கும். அதுதான் நாட்டார் பாடகரின் கை.

உரும்பிராய்ப் பெடியன்:
அண்ணை, நித்தியின் 'சின்ன மாமியே' பாட்டை எழுதியவர் யார் என்றே தெரியாமல் கலியாண வீட்டிலும் பஸ்ஸிலும் சனம் பாடுகிறது. சனம் தன் பாட்டாக எடுத்த பிறகு கிட்டார் என்ன, உடுக்கு என்ன?

அம்பாக்காரன்:
பாட்டுப் பரவியது வேறு கதை தம்பி. கிட்டார் கிட்டார்தான்.

கூத்துமேடை:
காத்தவராயன் கூத்தில் ஆர்மோனியம் வாசிக்கிறார்களே, கண்ணில் படவில்லையா? ஆர்மோனியமும் ஐரோப்பாவில் பிறந்ததுதான். யாழ்ப்பாணத்து நாடக நடிகர் நடிகமணி வைரமுத்துவின் மயான காண்டம் நாடகத்தை அது இல்லாமல் நினைக்க முடியுமா?

அம்பாக்காரன்:
மயான காண்டம் இசை நாடகம். அதை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? காத்தவராயன் உடுக்கடித்துப் பாடிய கதை. ஆர்மோனியம் பிறகு வந்து ஏறியது. போன வருடம் பறையைப் பற்றி எழுதியபோதும் நீங்கள்தான் குறுக்கே வந்தீர்கள். மறக்கவில்லை.

கூத்துமேடை:
பறையில் நீங்கள் எழுதியது பிழை. இன்றைக்கும் சொல்வேன்.

வாவிக்கரை:
கூத்து என்றதும் யாழ்ப்பாணத்தாருக்கு மட்டக்களப்பு மறந்துவிடும். 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மேடையேற்ற, கூத்துப் பழக்கும் எங்கள் ஊர் அண்ணாவியாரைத்தான் அழைத்தார்.

கூத்துமேடை:
ஏன், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் வடமோடிக் கூத்து ஆடவில்லையா?

அம்பாக்காரன்:
உங்கள் ஊர்ச் சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கிட்டாருக்குப் பதில் எங்கே?

உரும்பிராய்ப் பெடியன்:
முதலில் நாட்டார் பாடகர் என்றால் யார் என்று சொல்லுங்கள் அண்ணை.

அம்பாக்காரன்:
அப்புவைச் சொன்னேனே! மேடை இல்லை, காசு இல்லை, கிட்டார் இல்லை. வேலையோடு வந்த பாட்டு. உங்களில் எவராவது கரைவலைக் கயிற்றைத் தொட்டிருக்கிறீர்களா?

வாவிக்கரை:
வயலில் அரிவி வெட்டி, நெல் அறுத்துக்கொண்டு பாடியவர்கள் எங்களிடமும் உண்டு. உங்கள் அப்பு மட்டும்தானா?

கூத்துமேடை:
ஆர்மோனியத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.

அம்பாக்காரன்:
கிட்டாருக்கு நீங்கள் சொல்லுங்கள், பிறகு ஆர்மோனியம். நாளைக்கு அப்புவின் அம்பாவில் நினைவிருக்கும் அடிகளை எழுதிப் போடுகிறேன். வாசித்துவிட்டு வாருங்கள்.