சதுரங்கப் போட்டியை நேரலையில் காட்ட உதவி தேவை

வணக்கம். அடுத்த மாதம் நல்லூருக்குப் பக்கத்து மண்டபம் ஒன்றில் 16 வயதுக்குட்பட்டோருக்குச் சதுரங்கப் போட்டி வைக்கிறோம். ஆட்டம் நடக்கும்போது பெற்றோரை உள்ளே விட முடியாது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பெரியப்பா, சித்தப்பாமாரோ இப்போதே இணைப்புக் கேட்டு நச்சரிக்கிறார்கள்.

காய் நகர்வுகளைத் தானாகவே கணினிக்கு அனுப்பும் டிஜிடி (DGT) மின்னணுப் பலகைகள் எங்கள் கைக்கு எட்டாத விலை. யாரிடமாவது நான்கைந்து இரவலாகக் கிடைக்குமா? ஆட்டம் முடிந்ததும் காய்களைக் கலைத்துவிடாமல், இரு ராஜாக்களையும் நடுக்கட்டங்களில் வைத்து முடிவைப் பலகைக்குத் தெரிவிக்கப் பிள்ளைகளைப் பழக்குவது என் பொறுப்பு.

பலகை கிடைக்காவிட்டால், லிசெஸ் (Lichess) என்ற இணையச் சதுரங்கத் தளத்தின் இலவச ஒளிபரப்பு வசதியில் முதல் நான்கு மேசைகளின் நகர்வுகளைக் கையால் பதியலாம். அதற்குச் சதுரங்க நகர்வுகளை எழுதும் குறியீடு தெரிந்த, பதறாத ஆட்கள் வேண்டும். கடைசி நிமிடங்களில் பிள்ளைகள் மளமளவென்று ஆடும்போது பதிபவருக்குத்தான் தலை சுற்றும்!

வெளியிலிருந்து யாரும் கணினி சொல்லும் நகர்வைப் பார்த்துச் சைகை காட்டாதிருக்க, 15 நிமிடம் தாமதித்து ஒளிபரப்ப எண்ணுகிறோம். சிறுவர் போட்டிக்கு அது போதுமா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். மின்சாரம் நின்றால் ரவுட்டரைத் தாங்க ஒரு யூபிஎஸ் தரக்கூடியவர்களும் கீழே எழுதுங்கள்.