புதுப்பிப்பு: ஹைபிரிட் காரில் கருகல் வாடை, காரணம் சிக்கியது

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பின் சீட்டில் மீன் கவிச்சி மாதிரி ஒரு கருகல் வாடை என்று போன மாதம் கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

எலி கடித்த வயர் எதுவும் இல்லை. 12 வோல்ட் பேட்டரி டெர்மினலும் சுத்தம். "பின் சீட்டு ஓரத்துக் காற்றுத் துவாரத்தைப் பாருங்க" என்றவர் சொன்னதுதான் சரி. காரை ஓட்ட உதவும் பெரிய ஹைபிரிட் பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் அந்த வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. ஃபில்டரில் எங்கள் நாயின் முடி கம்பளி மாதிரி அப்பியிருந்தது.

எதிர்பாராதது, ஃபேனின் கனெக்டர். லூஸாகி, ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. கவிச்சி அதிலிருந்துதான். மெக்கானிக், பெரிய பேட்டரியின் மின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி 10 நிமிடம் பொறுத்துத்தான் கை வைத்தார். உயர் மின்னழுத்த ஆரஞ்சு வயர் பக்கம் நான் போகவேயில்லை.

கனெக்டர் மாற்றியாயிற்று. நேற்று ஏசியோடு மறுபடி குன்னூர். இப்போது நாய் வாடை மட்டும்தான்.