அம்மாவுக்கு ஓயாத வயிற்று உப்புசம், கேஸ்ட்ரிக் தானா?

பட்டர்வொர்த் பொண்ணு:
அம்மாவுக்கு 58 வயது, இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு. இரண்டு மாதமாக வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது. முன்பு மூன்று தோசை சாப்பிடுவார். இப்போது ஒன்றிலேயே "போதும்மா, நெஞ்சு வரைக்கும் நிறைஞ்சிருக்கு" என்கிறார். கை மெலிந்துவிட்டது, ஆனால் பாவாடை நாடா எட்டவில்லை. கிளினிக்கில் இரண்டு முறையும் கேஸ்ட்ரிக் மருந்துதான் கொடுத்தார்கள். போன வருஷம் பாப் ஸ்மியரில் எல்லாம் சரி என்றார்கள். அப்படியென்றால் பயமில்லைதானே?

செந்தூல்காரன்:
காற்றுதான் சிஸ். ஓமத்தண்ணீர் கொடுங்கள், கோடாலித் தைலம் தடவுங்கள்.

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி, தைலம் தடவட்டும், ஆனால் அதோடு விடக்கூடாது. நான் பெண்கள் வார்டில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பாப் ஸ்மியர் பார்ப்பது கருப்பை வாயை மட்டும்தான். சினைப்பைப் புற்றுநோய் அதில் தெரியாது.

உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் முட்டுவது. இவை அந்தப் புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கலாம்; யாருக்கும் எப்போதாவது வரும்தான். புதிதாக ஆரம்பித்து, மாதத்தில் 12 நாளுக்கு மேல் வந்தால் சும்மா இருக்கக்கூடாது. உங்கள் அம்மா இரவில் எத்தனை முறை எழுகிறார்? இனிப்பு நீர்தான் காரணம் என்று அவரே முடிவு கட்டியிருப்பார், கேட்டுப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டால் அதை உடனே சொல்ல வேண்டும்.

நம் அம்மாக்கள் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் "கேஸ்ட்ரிக் டாக்டர்" என்று தாங்களே பெயர் வைத்துவிடுவார்கள். மகன் பக்கத்தில் நின்றால் இடுப்புக்குக் கீழே ஒரு வார்த்தை வராது. அதனால் நீங்களே உள்ளே போங்கள், பெண் டாக்டரைக் கேளுங்கள். சுவர் காலண்டரில் உப்புசம் வந்த நாள்களை வட்டம் போட்டு, அதைப் போன் படமாகக் காட்டுங்கள். அம்மா வழியில், அவருடைய அப்பா வழியிலும்தான், யாருக்காவது மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்தப் புற்றுநோய்களுக்கான ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணுக் கோளாறு இரண்டு பக்கமும் வரும்.

பட்டர்வொர்த் பொண்ணு:
அக்கா, இரவில் நாலு தடவை எழுகிறாராம்! அம்மாவின் சின்னம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் இருந்தது. சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கும் சிஏ-125 இரத்தப் பரிசோதனை மட்டும் எடுத்தால் போதுமா?

ஆயர் ஈத்தாம் அக்கா:
போதாது. ஃபைப்ராய்டு (புற்றுநோய் அல்லாத கருப்பைக் கட்டி) இருந்தாலும் சிஏ-125 அளவு ஏறும்; ஆரம்பக் கட்டப் புற்றுநோயிலும் சாதாரணமாகவே வரலாம். கூடவே ஸ்கேன் வேண்டும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கக் கிளினிக்) 1 ரிங்கிட்டுக்குப் பதிந்து, இதையெல்லாம் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். வேறு ஏதாவதாக இருக்கவும் நிறைய வாய்ப்புண்டு, அம்மாவை இப்போதே பயமுறுத்தாதீர்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் என்றால் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் போகச் சொல்வார்கள். வரிசை நீளமாக இருந்தால் அம்மாவுக்கு அவஸ்தை, கவுண்டரில் முன்பே சொல்லி வையுங்கள்.