புதுப்பிப்பு: பூட்டிய டேலி கணக்கில் எது திரும்பியது

செங்கோட்டையில் மச்சானின் மரக்கடைக் கணினியை ரேன்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் நச்சு மென்பொருள்) பூட்டிவிட்டது, கணக்கு எழுதும் டேலி மென்பொருள் திறக்கவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். பலரும் கேட்டது: பணம் கட்டினீர்களா? கட்டவில்லை. கட்டினாலும் சாவி வரும் என்பதற்கு யார் ஜாமீன்?

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் பங்கெடுத்து 2016-இல் தொடங்கிய, பூட்டைத் திறக்கும் சாவிகள் தரும் ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் பூட்டிய கோப்பொன்றை ஏற்றிப் பார்த்தோம். இலவசம்தான், ஆனால் இந்த வகைக்கு அங்கே சாவி இல்லை.

கைகொடுத்தது ஜிஎஸ்டி போர்ட்டல். கடைகளுக்கு விற்றது விற்பனை விவரத் தாக்கலான ஜிஎஸ்டிஆர்-1இல், வாங்கியது கொள்முதல் விவரம் காட்டும் 2பி-யில். புளியரை தாண்டி கேரளத்து ஆரியங்காவு, புனலூர் போன சரக்குக்கு இ-வே பில்லும் (சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டு) இருந்தது. “மாப்ள, நம்ம கணக்கு நம்மகிட்ட இல்ல, கவர்மென்ட்கிட்ட இருக்கு” என்று மச்சான் சிரித்தான். சில்லறை விற்பனை அங்கே மொத்தத் தொகையாகத்தான் இருக்கும்; அதனால் யார் எவ்வளவு பாக்கி என்பது போனது போனதுதான். புனலூர் ஆசாரி ஒருவர் தானே போன் செய்து தன் பாக்கியைச் சொன்னார். மற்றவர்கள் மூச்சு விடவில்லை!

பேக்கப் இருந்தது, எப்போதும் கணினியில் செருகியே கிடந்த ஹார்டு டிஸ்க்கில். அதுவும் சேர்ந்தே பூட்டிக்கொண்டது. இப்போது இரண்டு டிஸ்க், மாற்றி மாற்றி. நகல் எடுத்ததும் கழற்றி வீட்டுக்குப் போய்விடும்.

கூகுள் டிரைவ் போதாதா என்றவருக்கு: வெறும் சிங்க் (கணினியில் மாறுவதை அப்படியே டிரைவிலும் மாற்றுவது) என்றால் பூட்டிய கோப்பே மேலே ஏறிவிடும். பழைய பதிப்பை எத்தனை நாள் வரை மீட்கலாம் என்று முதலில் பாருங்கள்.