பலகார எண்ணெயை ஜெல்லாக்கிப் பிரித்தெடுப்பது பசுமை வேதியியல் ஆகுமா?

கேள்வி: காரைக்குடி மாணவி
வணக்கம். முதுகலை வேதியியல் பயில்கிறேன். எங்கள் வீட்டில் முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறோம். வாணலியில் மிஞ்சும் எண்ணெயையும் பாத்திரம் கழுவிய நீரில் மிதக்கும் எண்ணெயையும் சாக்கடையில் விட மனம் ஒப்பவில்லை. நியூயார்க் சிட்டி கல்லூரியின் ஜார்ஜ் ஜான் குழுவினர், சர்க்கரை ஆல்கஹால்களிலிருந்து செய்த சேர்மங்களால், நீரோடு கலந்த டீசலை மட்டும் ஜெல்லாக்கியதாக 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நீர் ஏன் ஜெல்லாகவில்லை? தாவர மூலம் என்பதாலேயே இதைப் பசுமை வேதியியல், அதாவது கழிவையும் நச்சையும் குறைக்கும் வேதியியல், எனலாமா?

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்
நல்ல கேள்வி, அம்மா. அந்தச் சர்க்கரை ஆல்கஹால்களில் ஒன்றான மானிட்டாலில் ஆறு ஹைட்ராக்சில் (OH) தொகுதிகள் உண்டு. லைப்பேஸ் நொதி அவற்றுள் இரு முனைகளில் உள்ளவற்றில் மட்டும் கொழுப்பு அமிலச் சங்கிலிகளை எஸ்ட்டராக இணைப்பதால், மற்ற நான்கையும் மறைத்துவைத்துப் பின்னர் விடுவிக்கும் வீண் படிகள் தேவைப்படுவதில்லை. அனஸ்டாஸும் வார்னரும் பசுமை வேதியியலுக்கு 1998இல் வகுத்த 12 கோட்பாடுகளில் எட்டாவது இதைத்தான் கேட்கிறது. எஞ்சிய நான்கு தொகுதிகளும் எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றி இழைகளாக நீண்டு, வலையாகப் பின்னி, எண்ணெயைத் தேக்கிக்கொள்கின்றன. நீரில் அவ்வாறு நிகழாது. நீர் மூலக்கூறுகளே அந்தப் பிணைப்புக்குப் போட்டியிடும், நீண்ட சங்கிலிகளோ நீரை ஒதுக்கும்.

தாவர மூலம் என்பது ஏழாவது கோட்பாடு மட்டுமே. இந்த ஆய்வில் நான் பெரிதும் மதிப்பது, கட்டிய வலையை அவிழ்க்க முடிகிறது என்பதைத்தான். குறைந்த அழுத்தத்தில் வாலை வடித்தால் டீசல் பிரிந்துவிடும்.

பதில்: ஆய்வக உதவியாளர், காரைக்குடி
ஆமணக்கெண்ணெயிலிருந்து கிடைக்கும் 12-ஹைட்ராக்சி ஸ்டியரிக் அமிலத்தை முதலில் சோதித்துப் பாருங்கள். மெக்கானிக் கடையில் காணும் லித்தியம் கிரீஸுக்கு உருக்கொடுப்பது இதன் உப்புதான். சூடான எண்ணெயில் சிறிதளவு கரைத்து ஆறவிட்டு, சோதனைக்குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். வழியாமல் நின்றால் வலை உருவாகிவிட்டது. ஜப்பானியச் சமையலறைகளில் பொரித்த எண்ணெயை இப்படி உறைய வைத்துக் குப்பையில் போடுகிறார்கள். வசதிதான், ஆனால் எண்ணெய் வீணாகிறதே என்று எனக்கு வருத்தம். இந்த அமிலத்தைக் கரைக்கச் சூடு தேவை என்பதால், குளிர்ந்த நீரின் மேல் மிதக்கும் எண்ணெய்க்குச் சர்க்கரைச் சேர்மமே பொருத்தமானது.

பதில்: பலகாரக் கடை நடத்துபவர், கானாடுகாத்தான்
வாணலி எண்ணெயை ஜெல்லாக்க வேண்டாம், தங்கச்சி. திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் எண்ணெய் சிதைந்து உருவாகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் பொரிக்கக் கூடாது என்பது 2018 முதல் விதி. அத்தகைய எண்ணெயைப் பயோடீசல் தயாரிக்கச் சேகரிப்போரிடம் கொடுத்துவிடலாம். கழுவுநீர் எண்ணெயை மட்டும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில்: தேவகோட்டை, ஓய்வுபெற்ற பேராசிரியர்
அவர் சொல்வது சரி. கழுவுநீரைச் சோப்பு போடுவதற்கு முன்பே தனியாகப் பிடித்து வையுங்கள். சோப்பு சேர்ந்துவிட்டால் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறிப் பால்மமாகிவிடும். தனிப் படலமாக நில்லாத எண்ணெயை ஜெல்லாக்கிப் பிரிப்பது மிகக் கடினம்.