எடை, விலை, நேரம்: மூண்டுக்கும் ஒரே ரேஞ்ச் ஃபில்டர் எழுதுறது எப்படி?

கடல்காகம்:
திருகோணமலை கொட்பேயில இறக்கிற மீன் பதிவுகளுக்கான செயலி, பைதான் மொழி, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். எடை, கிலோ விலை, படகு கரைசேர்ந்த நேரம் எல்லாத்திலயும் "இதிலிருந்து இதுவரை" எண்டு தேடவேணும். ஒரு பக்கம் வெறுமையாவும் வரலாம். இப்ப ஒவ்வொரு திரைக்கும் தனித்தனி இஃப் வரிசை கிடக்கு. அதோட 2024-03-01, 2024-03-31 எண்டு பிட்வீன் போட்டா 31ஆந் திகதிப் படகுகள் வருதில்லை.

நிலாவெளி:
நேரமில்லாத திகதி நள்ளிரவு 00:00 எண்டுதான் எடுபடும். அதுக்குப் பிறகு 31ஆந் திகதி வந்ததெல்லாம் வெளியில நிண்டிடும். 23:59:59 போட்டு ஒட்டுப்போடாதேங்கோ, கடைசிச் செக்கனுக்குள்ள வாற மைக்ரோசெக்கன் பதிவு தப்பும். >= 2024-03-01, < 2024-04-01 எண்டு எழுதுங்கோ.

மூண்டுக்கும் ஒரே ஃபங்ஷன் எழுதி அதுக்கு நாலு விசயம் குடுங்கோ: கொலம் (அட்டவணையின்ர நிரல்), கீழ் எல்லை, மேல் எல்லை, மேல் எல்லை சேருமா எண்டது. 50 கிலோ வரை எண்டு கேட்டவருக்கு 50 கிலோவும் வேணும். நேரத்துக்கு மேல் எல்லை சேரக்கூடாது. ஃபங்ஷன் குவெரியை ஓட்டவேண்டாம். நிபந்தனைகளையும் பெறுமதிகளையும் பட்டியலாத் திருப்பிக் குடுத்தாப் போதும், கூப்பிடுறவர் அண்ட் போட்டுச் சேர்ப்பார். அப்பதான் எந்தத் திரைக்கும் பொருந்தும். எல்லை நன் (None, பைதானில வெறுமை) எண்டா அந்த நிபந்தனையையே விடுங்கோ. வெறும் இஃப்பால சோதிச்சா 0 குடுத்தாலும் வெறுமை எண்டு போயிடும், "இஸ் நொட் நன்" எண்டே கேளுங்கோ.

உப்புவெளி:
அண்ணை சொன்னதோட இன்னும் கொஞ்சம். பெறுமதியைப் பராமீட்டரா அனுப்பலாம், கொலம் பெயரை அப்பிடி அனுப்பேலாது. அனுமதிச்ச கொலங்களை ஒரு டிக்ஷனரியில வைச்சு அதிலயிருந்து மட்டும் எடுங்கோ, இல்லாட்டி எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனுக்கு, அதாவது வெளியாள் தன்ர கட்டளையைக் குவெரிக்குள்ள நுழைக்கிறதுக்குக் கதவு திறந்தமாதிரி. கீழ் எல்லை மேல் எல்லையைவிடக் கூட எண்டா பிழைச்செய்தி காட்டுங்கோ. சத்தமில்லாமல் மாத்திவைச்சா, பிழையா அடிச்சவருக்கு அது தெரியவே வராது.

நேர வலயந்தான் பெரிய பொறி. டேட்டாபேஸ்ல யூடிசி (உலகப் பொது நேரம், எங்கட நேரத்துக்கு ஐஞ்சரை மணித்தியாலம் பின்னால) எண்டா, மார்ச் 1 விடிய 4 மணிக்குக் கரைசேர்ந்த படகு பெப்ரவரி 29, 22:30 எண்டு கிடக்கும், பெப்ரவரிக் கணக்கில போய் விழும். எங்கட மார்ச் மாசம் 2024-02-29 18:30இல தொடங்கி 2024-03-31 18:30க்கு முன்னம் முடியுது. இந்த மாற்றத்தை ஃபங்ஷனுக்கு வெளியில செய்யுங்கோ. கொலத்தைச் சுத்தி டேட் ஃபங்ஷன் போட்டா சாதாரண இண்டெக்ஸ் (கெதியாத் தேட வைச்சிருக்கிற சுட்டி) பாவனைக்கு வராது.

கடல்காகம்:
நன்றி. வெளிக்கிட்ட நேரம், வந்த நேரம் ரெண்டும் இருக்கு. ஒரு கிழமையில கடலில நிண்ட படகுகளை இதாலயே எடுக்கலாமோ?

நிலாவெளி:
இல்லை, அதுக்கு வேற ஃபங்ஷன். வெளிக்கிட்ட நேரம் < கிழமை முடிவு, வந்த நேரம் > கிழமைத் தொடக்கம். இன்னும் வராத படகுக்கு வந்த நேரம் "நல்" (NULL, டேட்டாபேஸில வெறுமை) எண்டு இருக்கும், அதால ரெண்டாவதுக்கு "அல்லது இஸ் நல்" சேருங்கோ. அந்த ரெண்டையும் கட்டாயம் அடைப்புக்குறிக்குள்ள போடுங்கோ: "அண்ட்"தான் "ஓர்" (அல்லது) எண்டதை முந்திக் கணக்கெடுபடும், அடைப்பு இல்லாட்டி அடுத்த மாசம் வெளிக்கிட்ட படகும் பட்டியலில வந்து நிக்கும்.