சாமி மேடைச் சுவரில் கரி: அப்பா அடித்த நீலம் போகாமல் எடுக்க முடியுமா?

சிப்புட் மகள்:
வணக்கம். மலேசியா, சுங்கை சிப்புட்டில் அம்மா வீடு. சாமி மேடைக்கு மேலே சுவர் முழுக்கக் கரி. காமாட்சி விளக்கும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் 18 வருஷமாகப் போட்ட புகை. நேற்று ஈரத்துணியால் துடைத்தேன். உள்ளங்கை அகலக் கறுப்பு ஒரு முழத்துக்கு இழுபட்டுவிட்டது. புதுச் சாயம் அடி என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. அந்த நீலம் அப்பா ரப்பர் பால்வெட்டு முடித்து வந்து, மத்தியானத் தூக்கத்தை விட்டு, 3 நாள் தன் கையால் அடித்தது. போன வருஷம் தவறிவிட்டார். தீபாவளிக்குள் கரியை மட்டும் எடுக்க வழி இருக்கிறதா?

லூனாஸ் தம்பி:
அக்கா, பிளீச்சும் வினிகரும் கலந்து தேயுங்க. பளிச்சென்று போயிடும்.

புகைக்கூடத்தார்:
வேண்டாம்மா, அதைச் செய்யாதே. அது இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். பிளீச்சுக்குக் கரி போகாது, அப்பாவின் நீலம்தான் வெளுக்கும்.

நான் தோட்டத்துப் புகைக்கூடத்தில் 22 வருஷம் நின்றவன். ரப்பர் ஷீட்டைக் கழியில் தொங்கவிட்டு, விறகுப் புகையை நாள்கணக்கில் விடுவோம். ஷீட்டில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதே அந்தப் புகையின் தார்ப்பசைதான். உன் சுவரில் இருப்பதும் அந்த இனம்தான்: விளக்கில் எரிந்த எண்ணெயின் புகை, சாம்பிராணிப் பிசின். தண்ணீர் பட்டால் சாயத்துக்குள் இறங்கிவிடும். அதனால் முதல் வேலை காய்ந்த வேலை.

ஹார்ட்வேர் கடையில் கரி துடைக்கும் ரப்பர் ஸ்பாஞ்ச் கேள். நம் மரத்துப் பாலில் செய்ததுதான். நனைக்கக் கூடாது. மேலிருந்து கீழே ஒரே பக்கமாக இழு, வட்டமாகத் தேய்க்காதே. ஸ்பாஞ்சின் கறுத்த முகத்தைக் கத்தியால் சீவிவிட்டு மறுபடி இழு. கரி வராமல் நின்ற பிறகுதான் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். இப்போது கீழிருந்து மேலே போ. மேலே தொடங்கினால் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு விழும், அந்தக் கோடு லேசில் போகாது. முதலில் படத்துக்குப் பின்னால் ஒரு மூலையில் செய்து பார்.

பெயிண்ட் வேலை, கோலகங்சார்:
ஐயா சொல்வது சரி. அதற்கு முன் விரலால் சுவரைத் தடவுங்கள், மாவு போல் ஒட்டினால் சுண்ணாம்பு. அதைக் கழுவ முடியாது. எமல்ஷன் என்றால் தாங்கும். பின்னாளில் சாயம் அடிக்க வேண்டி வந்தால் எண்ணெய் அண்டர்கோட் (அடிப்பூச்சு) போடாமல் அடிக்காதீர்கள், மஞ்சள் கறை மேலே வந்துவிடும்.

சிப்புட் மகள்:
ஐயா, மாவு ஒட்டவில்லை. முருகன் படத்துக்குப் பின்னால் தொடங்கி 2 நாள் இழுத்தேன். நீலம் வந்துவிட்டது! அப்பாவின் பிரஷ் தடம்கூடத் தெரிகிறது, அம்மா அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். நான் ஈரத்துணியால் இழுத்த இடம் மட்டும் மங்கலாகவே இருக்கிறது. மேலே சீலிங்கிலும் கரி. பழைய ஆஸ்பெஸ்டாஸ் பலகை என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். அதையும் இப்படியே செய்யட்டுமா?

புகைக்கூடத்தார்:
சீலிங்கைத் தொடாதேம்மா. தேய்த்தால் அதன் தூசு நுரையீரலுக்குப் போகும். அது அப்படியே இருக்கட்டும். விளக்குத் திரியைக் குட்டையாக வை, மேடையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடு.